அட்சரேகை, தீர்க்கரேகை சரியாக இருந்தும் துறைமுகங்கள் ஏன் தப்பான இடத்தில் விழுகின்றன?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியின் அலுவலகச் சுவருக்கு 6 அடி அகலம், 3 அடி உயரத்தில் உலக வரைபடம் செய்கிறீர்கள். ஸ்டாக் தளத்தில் வாங்கிய வெக்டர் கோப்பு ஒன்று இருக்கிறது, எக்செலில் துறைமுகங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் இருக்கிறது. கிரீன்விச் கோடும் பூமத்தியரேகையும் வெட்டும் இடத்தை 0,0 என்று வைத்து, ஒரு டிகிரிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று இரு திசையிலும் ஒரே எண்ணால் பெருக்கிப் புள்ளி வைத்திருக்கிறீர்கள். சிங்கப்பூர், கொழும்பு, தூத்துக்குடி எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டன. ஆனால் ராட்டர்டாம் பாரிஸுக்குத் தென்கிழக்கே ஃபிரான்ஸ் நடுவில் போய் நிற்கிறது, ஹாம்பர்க் தெற்கு ஜெர்மனியில். எந்தச் சூத்திரம் தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரத்தில் தப்பே இல்லை. அது வேறொரு வரைபடத்துக்கான சூத்திரம், அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியிருந்தது, கையில் இருக்கும் கோப்பு எந்தப் புரொஜெக்ஷனில் (உருண்டைப் பூமியைத் தட்டையான காகிதத்தில் விரிக்கும் முறை) வரையப்பட்டது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை. நான் நிலப்படவியல் படித்து, பாடநூல்களுக்கும் சுவர் வரைபடங்களுக்கும் வேலை செய்பவன். எங்களிடம் வரும் பாதிச் சிக்கல் இதுதான்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் உருண்டையின் மேல் இருக்கும் கோணங்கள். காகிதத்தில் இருப்பது மில்லிமீட்டர். கோணத்தை மில்லிமீட்டராக மாற்றும் விதி ஒவ்வொரு புரொஜெக்ஷனுக்கும் வேறு. நீங்கள் போட்ட மாதிரி நேரடியாகப் பெருக்கினால் போதும் என்கிற வரைபடம் ஒன்று உண்டு, ஈக்விரெக்டாங்குலர் என்பார்கள். 360 டிகிரி அகலம், 180 டிகிரி உயரம், அதனால் சரியாக 2க்கு 1. உங்கள் கோப்பும் 2க்கு 1 இருந்ததால் அப்படி நினைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், அந்த இடத்தில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். மில்லர் புரொஜெக்ஷனில் வரைந்த உலகத்தை மேலே கிரீன்லாந்து முடியும் இடத்திலும், கீழே அண்டார்டிகாவை நீக்கி 60 டிகிரி தெற்கிலும் வெட்டினால் அதுவும் கிட்டத்தட்ட 2க்கு 1தான் வரும். ராபின்சன் வரைபடம் வெட்டாமலேயே அதற்கு மிக அருகில் வரும். அகலம் உயரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கோப்பைப் பார்க்காமலேயே உங்கள் விவரத்திலிருந்து எவ்வளவு சொல்லலாம் என்று பார்ப்போம். பட்டியல் தப்பால் வழிதவறிய சில புள்ளிகளை விட்டுவிட்டால் (அவற்றுக்குப் பிறகு வருகிறேன்), கிழக்கு மேற்கு எல்லாப் புள்ளிக்கும் சரியாக இருக்கிறது, வடக்கு தெற்கு மட்டும் இடறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் தீர்க்கரேகைகள் நேரான, சம இடைவெளியுள்ள செங்குத்துக் கோடுகள், அதாவது இது உருளை வகை. ராபின்சன், விங்கல் டிரிப்பல், ஈக்வல் எர்த் போன்ற ஓரம் வளைந்த குடும்பம் இல்லை, இது நிச்சயம். அடுத்து, பூமத்தியரேகைக்கு அருகே பிழை இல்லை, வடக்கே போகப் போகக் கூடுகிறது, அப்படியென்றால் அட்சரேகைகளின் இடைவெளி துருவத்தை நோக்கி விரிகிறது. மெர்க்கேட்டர், மில்லர் இரண்டும் அப்படித்தான். மெர்க்கேட்டராக இருந்திருந்தால் உங்கள் கணக்குப்படி ராட்டர்டாம் லியோன் நகரத்துப் பக்கமும், ஹாம்பர்க் ஆஸ்திரியாவின் மலைகளுக்குள்ளும் விழுந்திருக்கும். மில்லர் என்றால் ராட்டர்டாம் 48 டிகிரி வடக்கில், ஹாம்பர்க் ஸ்டுட்கார்ட்டுக்கும் நியூரம்பர்க்குக்கும் நடுவே. நீங்கள் சொல்வது இரண்டாவதோடு பொருந்துகிறது. ஆகவே மில்லர் என்று சந்தேகிக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன். ஸ்டாக் கோப்பு செய்கிறவர்கள் உயரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடுவதும், நியூசிலாந்தை இடம் போதவில்லை என்று நகர்த்தி வைப்பதும் சாதாரணம்.

உறுதி செய்ய ஒரு சோதனை சொல்கிறேன், எந்தக் கோப்புக்கும் இது உதவும். அமேசான் ஆற்றின் முகத்துவாரம் பூமத்தியரேகையில் இருக்கிறது. சூயஸ் வளைகுடாவின் வடமுனை 30 டிகிரி வடக்கு. கிரீன்லாந்தின் தென்முனை ஏறக்குறைய 60 டிகிரி வடக்கு. மூன்றும் கடற்கரை வடிவத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய இடங்கள், அட்சக் கோடு எதுவும் வரைந்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள், பிறகு சூயஸுக்கும் கிரீன்லாந்து முனைக்கும் இடையே உள்ள உயரத்தை. இரண்டும் சமம் என்றால் ஈக்விரெக்டாங்குலர். இரண்டாவது 1.2 மடங்கு இருந்தால் மில்லர், 1.4 மடங்கு என்றால் மெர்க்கேட்டர். ஓரம் வளைந்த வகையா என்று சந்தேகம் வந்தால் போர்ட்டோரிக்கோ தீவின் மேற்குக் கரையையும் தென் அமெரிக்காவின் கீழ்நுனியான ஹார்ன் முனையையும் பாருங்கள். இரண்டுமே சுமார் 67 டிகிரி மேற்கு. உருளை வகையில் ஒன்றுக்கு நேர் கீழே மற்றது வரும், ராபின்சனில் ஹார்ன் முனை கண்ணுக்குத் தெரிகிற அளவு வலப்பக்கம் நகர்ந்திருக்கும்.

மில்லர்தான் என்று ஆகிவிட்டால் எக்செலில் திருத்துவது சுலபம். கிடைமட்டக் கணக்கை அப்படியே விடுங்கள். செங்குத்துக்கு, அட்சரேகையை 0.4 ஆல் பெருக்கி 45 டிகிரியைக் கூட்டுங்கள், அதன் டேன்ஜென்ட்டை எடுத்து, அதற்கு இயல் மடக்கை (எக்செலில் எல்என்) போட்டு, 1.25 ஆல் பெருக்குங்கள். கடைசியாக வரைபடத்தின் முழு அகலத்தை 6.2832 ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் பூமத்தியரேகையிலிருந்து மேலே எத்தனை மில்லிமீட்டர் என்பது வந்துவிடும். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் கேட்கும், டிகிரியை அப்படியே கொடுத்தால் குப்பை விடை வரும். உங்கள் 1829 மில்லிமீட்டர் அகலத்துக்கு ராட்டர்டாம் இப்படி 290 மில்லிமீட்டர் உயரத்தில் வருகிறது. பழைய கணக்கில் 264. அந்த இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான் ஃபிரான்ஸ். இந்தக் கணக்கு கோப்பு முழு 360 டிகிரியையும் காட்டினால் மட்டுமே சரி. பக்கவாட்டில் வெட்டியிருந்தால் தெரிந்த இரண்டு முனைகளை வைத்து ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இதைச் சொல்லிவிட்டாலும், நானாக இருந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத் தரவிலிருந்து வரைவேன். நேச்சுரல் எர்த் என்ற தரவுத் தொகுப்பு இலவசம், காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை, அச்சுக்கு விற்பனைக்கு எதற்கும் பயன்படுத்தலாம். வரைபடம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். அதில் எக்செல் பட்டியலை சிஎஸ்வியாகச் சேமித்து, டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயராக ஏற்றுங்கள். எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. பேச்சில் நாம் அட்சத்தை முதலில் சொல்வதால் இது தலைகீழாகிவிடும். லேயரின் ஆயத்தொலை அமைப்பு இபிஎஸ்ஜி 4326 (சாதாரண அட்ச தீர்க்க டிகிரிக் கணக்கின் குறியீட்டு எண்) என்றே இருக்கட்டும், அதை மாற்றவே மாற்றாதீர்கள். மாற்ற வேண்டியது புராஜெக்ட்டின் அமைப்பை, திரையில் கீழே வலது மூலையில் இருப்பது. அங்கே ராபின்சன் என்று தேர்ந்தெடுத்தால் கரையோரமும் துறைமுகங்களும் சேர்ந்து வளைந்துகொள்ளும், ஈக்வல் எர்த் (இபிஎஸ்ஜி 8857) என்றால் அதற்கேற்ப. சூத்திரம் எதையும் நீங்கள் தொட வேண்டாம். பக்க அளவைக் கொடுத்து பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாக வெளியே எடுத்து, மீதி அலங்காரத்தை இல்லஸ்ட்ரேட்டரில் செய்துகொள்ளலாம்.

எந்தப் புரொஜெக்ஷன் நல்லது என்பதற்கு உறுதியான விடை கிடையாது, பாதி நோக்கம், பாதி ரசனை. 1569இல் மெர்க்கேட்டர் வரைந்தது மாலுமிக்காக. அதில் ஒரு நேர்கோடு என்பது மாறாத திசைகாட்டிக் கோணம். அந்த வசதிக்கு விலையாக 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு ஊதிவிடும், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. ராபின்சன் 1963இல் ஆர்தர் ராபின்சன் செய்தது, எதிலும் துல்லியம் என்று உரிமை கோராமல் பார்வைக்கு இதமாக இருக்கட்டும் என்று அமைத்தது. நேஷனல் ஜியாக்ரஃபிக் 1988 முதல் பத்து வருடம் அதைத்தான் வைத்திருந்தது, 1998இல் விங்கல் டிரிப்பலுக்குப் போனது. பரப்பு சரியாக இருக்க வேண்டும் என்றால் 2018இல் வந்த ஈக்வல் எர்த், ராபின்சன் சாயலில் சமபரப்பு. உங்கள் 6க்கு 3 சட்டத்தில் ராபின்சனும் ஈக்வல் எர்த்தும் வெட்டாமல் பொருந்தும், விங்கல் டிரிப்பல் உயரம் அதிகம் கேட்கும்.

கப்பல் அலுவலகம் என்பதால் ஒரு விஷயம் தனியாக யோசிக்க வேண்டும். வழக்கமான வரைபடம் பசிஃபிக்கை நடுவே பிளந்துவிடும், யோகோஹாமாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் பாதை வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் முளைக்கும். 150 டிகிரி கிழக்கை நடுவில் வைத்தால் பசிஃபிக் முழுசாக வரும், ஆனால் ஓரம் 30 டிகிரி மேற்கில் விழுந்து அட்லாண்டிக் பாதைகளும் கிரீன்லாந்தும் வெட்டுப்படும். இந்தியா நடுவில் இருக்கட்டும் என்று 80 டிகிரி கிழக்கை வைத்தால் வெட்டு மெக்சிகோ, அமெரிக்கா, கனடா வழியாக இறங்கும், வாடிக்கையாளர் ஒருவர் டெக்சாஸில் இருந்தால் நன்றாக இருக்காது. உருளை வகை வரைபடத்தில் மட்டும் ஒரு வழி உண்டு: 360 டிகிரியோடு நிறுத்தாமல் அமெரிக்காவை இரு ஓரத்திலும் ஒருமுறை வரைந்துவிடலாம். பழைய கப்பல் கம்பெனிச் சுவர்களில் இப்படிப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடித்த தீர்வும் இதுதான். வேண்டாம், வழக்கமான அமைப்பே போதும் என்றால் 0 டிகிரிக்குப் பதில் 11 டிகிரி கிழக்கை மையமாக்குங்கள். ஓரம் பெரிங் நீரிணை வழியாகப் போகும், ரஷ்யாவின் கிழக்கு நுனி துண்டாகி இடது ஓரத்தில் தனியாகத் தொங்காது, ஃபிஜியும் இரண்டாகாது. மையத்தை நகர்த்தும்போது கியூஜிஐஎஸ்ஸில் சில நாடுகள் திரை முழுக்க கிடைமட்டக் கோடுகளாக இழுபடும். பயப்பட வேண்டாம், புதிய ஓரம் எங்கே வருகிறதோ அங்கே முன்கூட்டியே பாலிகன்களை (நாடுகளின் வடிவங்களை) வெட்டிவிட்டால் சரியாகிவிடும்.

பாதைக் கோடுகளையும் இரண்டு புள்ளிக்கு நடுவே நேராக இழுத்துவிடாதீர்கள். யோகோஹாமாவும் லாஸ் ஏஞ்சல்ஸும் 34, 35 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கிடையே மிகக் குறுகிய பாதை நடுவில் 48 டிகிரி வரை ஏறி அலூஷியன் தீவுகளின் பக்கம் போய்த் திரும்புகிறது. நேர்கோட்டைப் பார்த்தால் கப்பலில் வேலை செய்த யாராவது ஒருவர் சிரிப்பார்.

அப்புறம், கிர்கிஸ்தானில் நிற்கும் நியூயார்க், வட துருவத்துக்குப் பக்கத்தில் சென்னை, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் புரொஜெக்ஷனுக்கும் சம்பந்தமில்லை, அது பட்டியலில் உள்ள தப்பு. நியூயார்க் 74 டிகிரி மேற்கு, எக்செலில் அது மைனஸ் 74. மைனஸ் விட்டுப்போனால் கிர்கிஸ்தான். சென்னைக்கு 13.08, 80.27 இடம் மாறினால் ஸ்வால்பார்டுக்கு வடக்கே பனிக்கடல். வெற்றுக் கட்டத்தைக் கணினி 0 என்று எடுத்துக்கொண்டால் கினி வளைகுடாவில் 0,0. உலகம் முழுக்க விலாசம் தொலைந்த புள்ளிகள் அங்கேதான் போய்ச் சேருவதால் நல் ஐலண்ட் (வெற்றுத் தீவு) என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் கண்ணில் படும், பிடித்துவிடலாம். கண்ணில் படாதது நிமிடக் கணக்கு. துறைமுகப் பட்டியல்கள் பல டிகிரி, நிமிடத்தில் இருக்கும். ஐ.நா.வின் லோகோட் என்ற ஊர், துறைமுகக் குறியீட்டுப் பட்டியலில் இரண்டையும் ஒட்டி 1305 என்று எழுதியிருப்பார்கள், அது 13 டிகிரி 5 நிமிடம், 13.08. தூத்துக்குடி 8 டிகிரி 45 நிமிடம், அதாவது 8.75. அதை 8.45 என்று அடித்துவிட்டால் 33 கிலோமீட்டர் பிழை, உங்கள் சுவரில் ஒன்றரை மில்லிமீட்டர். யாரும் கவனிக்க மாட்டார்கள், அந்த ஊர்க்காரர்களைத் தவிர.

துல்லியத்தைப் பற்றி இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு டிகிரி அட்சம் சுமார் 111 கிலோமீட்டர், பூமத்தியரேகைச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அதை 1829 மில்லிமீட்டரில் அடைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 22 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தாலே ஒரு கிலோமீட்டர் துல்லியம், அது அச்சில் 0.05 மில்லிமீட்டர். ஆறு இலக்கம் தேடி அலைய வேண்டாம். டேட்டம் (அட்ச தீர்க்கத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் பூமி மாதிரி) மாறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள், சில நூறு மீட்டர் நகரும், இந்த அளவில் மைத்துளிக்குள் மறைந்துவிடும்.

கரையோரத் தரவையும் இதே கணக்கில் தேர்ந்தெடுங்கள். நேச்சுரல் எர்த் மூன்று அளவுகளில் வருகிறது: 1 கோடியில் ஒன்று, 5 கோடியில் ஒன்று, 11 கோடியில் ஒன்று. உங்கள் சுவர் 2.2 கோடியில் ஒன்று, ஆகவே முதலாவதை எடுத்துக் கொஞ்சம் எளிமைப்படுத்துங்கள். அதே வடிவமைப்பைச் சிவகாசியில் 15 அங்குல அகலக் காலண்டராகவும் அடிக்கப்போவதாகச் சொன்னீர்கள், அது 10.5 கோடியில் ஒன்று, அதற்கு மூன்றாவதே போதும். சுவர்க் கோப்பைச் சுருக்கிக் காலண்டரில் போட்டால் நார்வேயும் தெற்குச் சிலியும் மை கொட்டியது போல ஆகிவிடும்.

அச்சைப் பொறுத்தவரை, சுவருக்கு வினைலில் இங்க்ஜெட் என்றால் பெரிய தொல்லை இல்லை. காலண்டர் ஆஃப்செட் என்பதால் அட்ச தீர்க்கக் கோடுகளை 15, 20 சதவீதச் சாம்பலில் போடாதீர்கள், மெல்லிய கோடு ஸ்கிரீன் டாட்டில் உடைந்து புள்ளிப் புள்ளியாகத் தெரியும். 0.25 பாயின்ட்டுக்குக் குறையாமல், ஏதாவது ஒரு மையில் முழு நிறமாகப் போடுங்கள், கடலின் நிறத்தை வெளிறலாக வைத்தால் அதுவே மென்மையாகத் தெரியும். சின்ன ஊர்ப்பெயர்கள் கருப்பு மை மட்டும், ஓவர்பிரிண்ட், அதாவது கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகட்டும். கோட்டு இடைவெளி 15 டிகிரி வைத்தால் ஒரு கட்டம் ஒரு மணி நேரம் என்று நேர வித்தியாசமும் படிக்கலாம், கப்பல் அலுவலகத்துக்கு அது உபயோகம். திசைகாட்டிப் பூ அழகுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், ராபின்சனில் வடக்கு இடத்துக்கு இடம் சாயும். அளவுகோல் வைத்தால் பூமத்தியரேகையில் மட்டும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்திய எல்லையில் அலட்சியம் வேண்டாம். சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், 1961இன்படி தண்டனைக்குரியது, ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு ஸ்டாக் கோப்புகளிலும் நேச்சுரல் எர்த்தின் வழக்கமான கோப்பிலும் ஜம்மு காஷ்மீர், லடாக் பகுதி நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோட்டின்படி இருக்கும். நேச்சுரல் எர்த் இந்தியப் பார்வைக்கான தனிக் கோப்பும் தருகிறது, அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு சர்வே ஆஃப் இந்தியா இலவசமாகத் தரும் எல்லைத் தரவோடு மேலே வைத்துச் சரிபாருங்கள். நான் வக்கீல் இல்லை, காலண்டர் பல்லாயிரம் பிரதி போகும் என்றால் அச்சகத்தாரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாகத் தமிழ் எழுத்து உடைவது. இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் தெற்காசியக் கம்போசரை (இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதி) தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கொம்பும் காலும் இடம் மாறும், கொழும்பு, கொச்சி இரண்டிலும் முதலில் அதுதான் தெரியும். கியூஜிஐஎஸ் யூனிகோட் தமிழைச் சரியாகவே காட்டும், ஏற்றுமதியில் எழுத்தைப் பாதையாக மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அச்சகத்தில் ஃபாண்ட் இல்லை என்ற பேச்சே வராது. ஆனால் அப்படி மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் ஊர்ப்பெயர்களை சிஎஸ்வியிலேயே ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஏற்றுமதி செய்யுங்கள்.